கொழுப்பை எடுத்து மார்பில் ஏற்றும் ஆபரேஷன்! சிரித்து மூடினால் போலிகளுக்குத்தான் கொண்டாட்டம்

"அவளுக்குக் கொழுப்பு!"

அழகுக்காக ஆபரேஷன் செய்துகொள்ளும் பெண்ணைப் பற்றி ஊரில் பேசுவது இப்படித்தான். டீக்கடை பெஞ்சிலும் பேசுகிறார்கள். மின்சார ரெயிலிலும் பேசுகிறார்கள்.

பேசுகிறவர்களுக்கு ஒன்று தெரியாது. விஷயமே கொழுப்பில்தான் இருக்கிறது!

வயிற்றிலும் தொடையிலும் கிடக்கும் கொழுப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். அந்தக் கொழுப்பையே மார்பில் ஏற்றுகிறார்கள். வெளியில் இருந்து எந்தப் பையும் உள்ளே போவது இல்லை. இடது சட்டைப் பையில் உள்ள பணத்தை வலது பைக்கு மாற்றுவதுபோல!

"அப்படியானால் ஆபத்தே இல்லையே?" என்று கேட்கத் தோன்றும். கடை விரித்து உட்கார்ந்து இருப்பவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அங்கேதான் கோளாறு. பணத்தை மாற்றினால் அப்படியே இருக்கும். கொழுப்பை மாற்றினால் ஏறக்குறைய பாதி காணாமல் போகும்!

கஞ்சித் தொட்டியில் அழகு சிகிச்சை

2018-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் மார்பக அழகு சிகிச்சைக்கு என்று ஒரு பிரிவு தொடங்கப்பட்டது. ஏழைப் பெண்களுக்கு இலவசம் என்று அறிவித்தார்கள்.

வடசென்னைக்காரர்கள் ஸ்டான்லியை "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி" என்பார்கள். பஞ்ச காலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரத்தில் இருந்து வளர்ந்த ஆஸ்பத்திரி அது. கஞ்சி ஊற்றிய இடத்தில் அழகு சிகிச்சையா? ஊர் சிரித்தது.

"அண்ணே, மிக்சி கொடுத்தாங்க, கிரைண்டர் கொடுத்தாங்க. இப்ப இதுவுமா?"

இந்த மாதிரிக் கிண்டல் அந்த வாரம் பூராவும் ஓடியது. வெளிநாட்டுப் பத்திரிகைகள்கூட எழுதின.

அப்போது சுகாதார மந்திரியாக இருந்தவர் விஜயபாஸ்கர். அழகு சிகிச்சை ஏழைக்கு மட்டும் ஏன் கிடைக்கக்கூடாது என்பது அவர் கேள்வி. நாம் செய்யாவிட்டால் அவர்கள் கடன் வாங்குவார்கள், ஆபத்தான வழிக்குப் போவார்கள் என்பது அவர் சொன்ன காரணம்.

டாக்டர்களிலேயே எதிர்த்தவர்கள் உண்டு. உயிர் காக்கும் சிகிச்சைக்கே அரசு ஆஸ்பத்திரியில் இடமும் மருந்தும் போதவில்லை, இதில் அழகு எதற்கு என்று கேட்டார்கள்.

அதுவும் நியாயமான கேள்விதான். ஆனால், மந்திரி சொன்ன காரணத்தை யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. எந்தக் கட்சி மந்திரி சொன்னால் என்ன? சொன்னது சரி.

யார் போகிறார்கள்?

மார்பை அழகு செய்துகொள்கிறவள் என்றதும் சினிமா நடிகை ஞாபகம்தான் வருகிறது. நடிகைகள் ஏன் அரசு ஆஸ்பத்திரிக்கு வரப் போகிறார்கள்?

புற்று நோய் வந்து ஒரு பக்கத்தை இழந்தவள் வருவாள். சென்னைப் பெண்களுக்கு வரும் புற்று நோயில் மார்பகப் புற்று நோய்தான் முதல் இடம். உயிர் பிழைத்தது போதும் என்று சும்மா இருக்கச் சொல்வது சுலபம். குளிக்கும்போதும் ரவிக்கை போடும்போதும் பார்ப்பது அவள்தானே?

பிறவியிலேயே ஒரு பக்கம் வளராத பெண்கள் இருக்கிறார்கள். கலியாணப் பேச்சு எடுத்தாலே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். காரணம் தாயாருக்குக்கூடத் தெரியாது.

இதற்கு நேர் எதிராக, அளவுக்கு மேல் பெருத்துக் கழுத்து வலியால் துடிப்பவர்களும் உண்டு. தோள்பட்டையில் பட்டை அழுத்திப் பள்ளமே விழுந்து இருக்கும். அவர்களுக்குக் குறைக்கும் ஆபரேஷன். அதுவும் இதே பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர்கள் செய்வதுதான்.

மீதி இருப்பவர்கள், ஒரு குறையும் இல்லை, ஆனாலும் ஆசை. பிள்ளை பெற்றுப் பால் கொடுத்த பிறகு தளர்ந்துவிட்டது, பழையபடி வேண்டும் என்கிறவர்கள். அவர்களைத்தான் ஊர் பிடித்துக்கொள்கிறது.

தலைக்கு டை அடிக்கிற ஆண், வழுக்கையில் முடி நடுகிற ஆண் பற்றி யாரும் "கொழுப்பு" என்பது இல்லை!

நாற்று நடுகிற வேலை

கொழுப்பை எப்படி மாற்றுகிறார்கள்?

முதலில் வயிறு அல்லது தொடையில் ஒரு திரவத்தை ஏற்றுவார்கள். உப்புத் தண்ணீரில் மரத்துப்போகும் மருந்தும், ரத்தப் போக்கைக் குறைக்கும் மருந்தும் கலந்து இருக்கும். பிறகு மெல்லிய குழாயை விட்டுக் கொழுப்பை உறிஞ்சுவார்கள். அதில் இருந்து ரத்தத்தையும் தண்ணீரையும் எண்ணெயையும் பிரித்துவிடுவார்கள். மிஞ்சும் நல்ல கொழுப்பைச் சின்ன ஊசிக் குழாய்களில் நிரப்பி மார்பில் ஏற்றுவார்கள்.

ஒரே இடத்தில் கொட்டக்கூடாது. துளித் துளியாக, வேறு வேறு ஆழத்தில், பல வழியில் விடவேண்டும்.

வயலில் நாற்று நடுவதுபோலத்தான் இதுவும். ஒரு கட்டு நாற்றையும் ஒரே குழியில் சொருகினால் என்ன ஆகும்? அழுகிப்போகும். கொழுப்பு அணுவும் அப்படியே. புது இடத்தில் ரத்த ஓட்டம் பிடிக்கிற வரை பக்கத்தில் இருக்கும் சதையில் இருந்துதான் அதற்கு உயிர் வரவேண்டும். ஒன்றிரண்டு மில்லி மீட்டர் தள்ளிப் போனாலே பட்டினிதான். செத்துவிடும்.

செத்த கொழுப்பில் கொஞ்சத்தை உடம்பு கரைத்துவிடும். மீதி எண்ணெய்க் கட்டியாக நிற்கலாம். நாளடைவில் சுண்ணாம்புபோல இறுகிவிடலாம். கையில் பட்டால் கட்டி! அந்தப் பெண்ணுக்கு எப்படி இருக்கும்? புற்று நோயோ என்று ராத்திரித் தூக்கம் போய்விடும்.

எவ்வளவு நிற்கும்? ஆளுக்கு ஆள், டாக்டருக்கு டாக்டர் மாறுகிறது. சிலருக்கு 30 சதவீதம்தான். சிலருக்கு 70. பாதி நின்றால் நல்லது என்று வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று முதல் ஆறு மாதம் போனால்தான் உண்மையான அளவு தெரியும்.

கிளினிக்கில் காட்டும் போட்டோ ஆபரேஷன் முடிந்த இரண்டாம் வாரத்தில் எடுத்ததாக இருந்தால்? அதில் தெரிவது பாதி வீக்கம்!

அளவும் ரொம்பக் கூடாது. ஒரு தடவையில் ஒரு சுற்று கூடினால் அதிகம். "மூன்று சுற்று ஏற்றித் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும்.

ஒல்லியான பெண்ணுக்கு இது சரிப்படாது. எடுக்கக் கொழுப்பு வேண்டுமே! பெரும்பாலும் ஆசைப்பட்டு வருவது ஒல்லியான பெண்கள்தான் என்பது இதில் ஒரு வேடிக்கை. உடம்பு இளைத்தால் ஏற்றிய கொழுப்பும் சேர்ந்து இளைக்கும். பெருத்தால் அதுவும் பெருக்கும். வயிற்றுக் கொழுப்பு மார்புக்குப் போனாலும் வயிற்றுக் குணத்தை விடாது.

22 வருடம் தடை

இது நேற்று வந்த வித்தை அல்ல. 1895-ம் ஆண்டிலேயே ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகரில் செர்னி என்ற டாக்டர் செய்து இருக்கிறார். ஒரு பாடகி. வயது 41. மார்பில் இருந்த கட்டியை எடுத்ததால் பள்ளம் விழுந்துவிட்டது. அவளுடைய இடுப்புப் பக்கத்தில் ஒரு கொழுப்புக் கட்டி இருந்தது. டாக்டர் அதை எடுத்துப் பள்ளத்தில் வைத்துத் தைத்தார். அழகுக்காகப் பிறந்த வித்தை அல்ல. நோயின் தழும்பை மறைக்கப் பிறந்தது.

1970-களில் கொழுப்பை உறிஞ்சும் குழாய் வந்தது. உறிஞ்சியதைக் குப்பையில் போடுவானேன், மார்பில் ஏற்றலாமே என்று சிலர் ஆரம்பித்தார்கள்.

1987-ல் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர்கள் சங்கம் "கூடாது" என்று சொல்லிவிட்டது. ஏற்றிய கொழுப்பு இறுகினால் எக்ஸ்ரே படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும், புற்று நோயையும் அதையும் பிரித்துப் பார்க்க முடியாமல் போகும் என்பது அவர்கள் பயம்.

2009-ல்தான் அந்தப் பேச்சைத் தளர்த்தினார்கள். எடுக்கும் முறை திருந்தியது. படம் பார்க்கும் டாக்டர்களுக்கும் வித்தியாசம் பிடிபட்டது. இதுவரை வந்த ஆராய்ச்சிகளில் கொழுப்பு ஏற்றியதால் புற்று நோய் கூடியதாகத் தெரியவில்லை. ஆனாலும் ஆபரேஷனுக்கு முன்னால் படம் எடுத்து வைக்கவேண்டும். பின்னால் எந்த டாக்டரிடம் போனாலும், "கொழுப்பு ஏற்றி இருக்கிறேன்" என்று சொல்லவேண்டும்.

கட்டிய கணவனுக்கே சொல்லாமல் செய்துகொண்டவள் பத்து வருஷம் கழித்து டாக்டரிடம் சொல்வாளா? இங்கேதான் ஊர்ச் சிரிப்பு ஆபத்தாக மாறுகிறது.

மெழுகு, சிலிகான், மெத்தை

கொழுப்புக்கு முன்னால் மனிதன் என்ன என்னத்தையோ அடைத்துப் பார்த்தான்.

வியன்னா நகரில் கெர்சுனி என்ற டாக்டர் 1899-ல் பாரபின் மெழுகை உருக்கி ஊசி போட ஆரம்பித்தார். கொஞ்ச நாள் அழகு. பிறகு கட்டி, புண், சீழ். மெழுகு பரவிய சதையை வெட்டி எடுக்க வேண்டியது ஆயிற்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானிலும் அமெரிக்காவிலும் சிலிகான் திரவத்தை நேராகவே ஊசியில் ஏற்றினார்கள். அதுவும் மெழுகு போன வழியே போயிற்று.

அப்புறம்தான் சிலிகான் பை. 1962-ம் ஆண்டு அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரம். டிம்மி ஜீன் லிண்ட்சே என்ற பெண், ஆறு பிள்ளைகளுக்குத் தாய். மார்பில் குத்திய பச்சையை அழிக்கத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். "புதுசாக ஒரு பை செய்து இருக்கிறோம், வைத்துக்கொள்கிறாயா?" என்று டாக்டர்கள் கேட்டார்கள். அவளுக்கு மார்பைப் பற்றிக் கவலையே இல்லை. காதுதான் விடைத்துக்கொண்டு நிற்கிறது, அதைச் சரி செய்ய வேண்டும் என்றாள். சரி என்றார்கள் டாக்டர்கள். காதுக்காக மார்பைக் கொடுத்தாள்! உலகத்திலேயே முதல் சிலிகான் பை அவளுக்குத்தான்.

அந்தப் பையும் சும்மா விடவில்லை. 2010-ல் பிரான்சில் ஒரு கம்பெனி அகப்பட்டது. ஆஸ்பத்திரி சிலிகானுக்குப் பதில் மெத்தை செய்யும் மலிவுச் சிலிகானைப் பையில் அடைத்து விற்றது தெரியவந்தது. பல நாடுகளில் லட்சக் கணக்கான பெண்கள் உடம்பில் அந்தப் பை இருந்தது. 2013-ல் முதலாளிக்கு 4 வருடம் ஜெயில். மண்டி அரிசியில் கல் கலப்பவன்கூட இவ்வளவு துணிவது இல்லை.

2019-ல் வேறு ஒரு பெரிய அமெரிக்கக் கம்பெனி சொரசொரப்பான மேல் உறை கொண்ட பைகளை உலகம் பூராவும் திரும்ப வாங்கிக்கொண்டது. அந்த உறையைச் சுற்றி அபூர்வமான ஒருவகைப் புற்று நோய் வருவதாகத் தெரிந்ததுதான் காரணம். சொந்தக் கொழுப்பே மேல் என்று பெண்கள் திரும்பியதற்கு இப்படிப்பட்ட சேதிகளும் காரணம்.

இதை எல்லாம் சொல்வது பையைத் திட்டுவதற்காக அல்ல. நல்ல கம்பெனிப் பையை நல்ல டாக்டர் வைத்து, வருடக் கணக்கில் தொல்லை இல்லாமல் இருப்பவர்கள் ஏராளம். ஒல்லியானவர்களுக்கு அது ஒன்றுதான் வழி. ஆனால் ஆயுசுக்கும் நிற்கும் என்று யாராவது சொன்னால் பொய். என்றைக்காவது மாற்ற வேண்டி வரலாம். கொழுப்புக்கு அந்தத் தொல்லை இல்லை. நின்றது நின்றதுதான்.

கிரீம், எண்ணெய், மாத்திரை

ஆபரேஷனுக்குப் பயந்தவர்களைப் பிடிக்க இன்னொரு கூட்டம். தடவினால் வளரும், சாப்பிட்டால் பெருக்கும், பம்ப் வைத்து இழுத்தால் நிமிரும்!

ஒன்றும் நடக்காது. காசு போகும். அவ்வளவுதான்.

இதில் ஒரு சங்கதி பலருக்குத் தெரியாது. மருந்தால் பெண்ணின் மார்பு வடிவத்தை மாற்றலாம் என்று விளம்பரம் செய்வதே இந்த நாட்டில் குற்றம். 1954-ம் ஆண்டே சட்டம் போட்டாயிற்று. மந்திரப் பரிகாரம், ஆட்சேபகரமான விளம்பரம் ஆகியவற்றைத் தடுக்கும் சட்டம் அது. எந்த எந்த விஷயத்துக்கு மருந்து என்று விளம்பரம் செய்யக்கூடாது என்ற பட்டியலில் பெண்ணின் மார்பு அமைப்பும் இருக்கிறது. முதல் தடவை பிடிபட்டால் 6 மாதம் வரை ஜெயில் உண்டு.

70 வருடம் ஆகிவிட்டது. விளம்பரம் நின்றதா? சுவரில் இருந்தது பேப்பருக்கு வந்தது. பேப்பரில் இருந்தது செல்போனுக்குப் போய்விட்டது. பத்திரிகைகளும் இந்த விளம்பரக் காசை வாங்கித்தான் போட்டன. அதில் யாரும் யோக்கியன் வேஷம் போட முடியாது.

இப்போது புதிதாக ஒரு வார்த்தை: "ஸ்டெம் செல்." கொழுப்போடு ஸ்டெம் செல் கலந்து ஏற்றினால் அப்படியே நிற்கும் என்று ஆசை காட்டுகிறார்கள். ரத்தப் புற்று நோய் போன்றவற்றுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தவிர, மற்றதற்கு எல்லாம் ஸ்டெம் செல்லைச் சிகிச்சை என்று சொல்லிக் காசு வாங்கக்கூடாது. 2017-ல் மத்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட வழிகாட்டு விதி இது.

வீட்டுக்குத் தெரியாமல்

2022-ம் ஆண்டு மே மாதம். பெங்களூர். கன்னட டி.வி. நடிகை ஒருவர். வயது 21. உடம்புக் கொழுப்பை எடுக்கும் ஆபரேஷனுக்குப் போனார். அன்றே மூச்சுத் திணறல். இறந்துவிட்டார்.

பெற்றோருக்குச் சொல்லவில்லை, தோழிகளோடுதான் போனார் என்று அப்போது செய்தி வந்தது. அவசர சிகிச்சை வசதி அங்கே போதவில்லை என்று பெற்றோர் புகார் செய்தார்கள்.

மார்பில் கொழுப்பு ஏற்றுவதற்கும் முதல் வேலை அதேதான். கொழுப்பை உறிஞ்சி எடுத்தாக வேண்டும். "ஊசிதானே" என்பது சுத்தப் பொய். மயக்க மருந்து டாக்டர் வேண்டும். ஆக்சிஜன் வேண்டும். ஏதாவது ஆனால் ஓடிப் போய்ச் சேர அவசர சிகிச்சைப் பிரிவு வேண்டும். தவறிப்போய்க் குழாய் ஆழமாக இறங்கினால் நுரையீரல் உறையில் ஓட்டை விழலாம். தேர்ந்த கையில் அபூர்வம். தேராத கையில்?

சென்னையிலும் பாடம் படித்தாயிற்று. 2016-ல் 22 வயது மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் தலையில் முடி நடும் சிகிச்சைக்குப் போய் உயிரை விட்டார். சிகிச்சை நடந்த இடத்துக்கு முடி திருத்தும் நிலையம் என்றுதான் லைசென்சு என்று செய்தி வந்தது. டாக்டருக்குப் படித்த பையனுக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் எம்மாத்திரம்?

அந்த இரண்டு சம்பவமும் உயிர் போனதால் வெளியே வந்தவை. உயிர் போகாமல் கோணிப்போனவை, சீழ் பிடித்தவை போலீசுக்கு வருவது இல்லை. எப்படி வரும்? ஸ்டேஷனில் போய் எதைக் காட்டிப் புகார் எழுதுவது? ஏட்டய்யா என்ன கேட்பார்? பக்கத்தில் நிற்பவன் எப்படிப் பார்ப்பான்? அவமானத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொள்கிறாள். போலிக்கு அந்த மூடிய வாய்தான் மூலதனம்.

ஏமாற்றிய நிதிக் கம்பெனிக்காரனைத் தேடி ஆயிரம் பேர் கமிஷனர் ஆபீசில் திரளுகிறார்கள். இதற்கு ஒருத்தி வருவது இல்லை.

எதைக் கேட்பது?

சட்டம் இல்லாமல் இல்லை. தேவைக்கு மேல் இருக்கிறது.

பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து, அறுவை சிகிச்சைப் பட்டம் வாங்கி, அதற்கு மேலும் எம்.சிஎச். அல்லது அதற்குச் சமமான பட்டம் படித்து இருக்க வேண்டும். "காஸ்மெட்டாலஜிஸ்ட்" என்று போர்டில் இருந்தால் அது வேறு. சில வாரப் பயிற்சி முடித்தவர்களும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்கிறார்கள்.

தேசிய மருத்துவ கமிஷன் 2022-ல் ஒரு அறிவிப்பு விட்டது. பயிற்சிக் கூட்டத்தில் வேடிக்கை பார்த்தோ, யூ டியூப் பார்த்தோ அழகு சிகிச்சை செய்ய ஆரம்பிக்கக்கூடாது என்று எழுதினார்கள். இப்படி எழுத வேண்டி வந்தது என்றால் நாட்டு நிலைமை என்ன என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்!

டாக்டர் தன் பதிவு எண்ணைக் கிளினிக்கில் எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைக்கவேண்டும். மருந்துச் சீட்டிலும் பண ரசீதிலும் போடவேண்டும். இது 2002-ம் ஆண்டு விதி. விளம்பரம் செய்து நோயாளி பிடிப்பது தவறு என்பதும் அதே விதிதான்.

கிளினிக்குக்கும் பதிவு வேண்டும். தமிழ்நாட்டில் 1997-ல் சட்டம் வந்தது. அதற்கு விதிகள் எழுத 2018 வரை ஆயிற்று. 21 வருடம்! கோட்டையில் பைல் நகரும் வேகத்துக்கு இது ஒன்றும் அதிசயம் அல்ல.

ஆகவே போகிறவள் கேட்க வேண்டியது கொஞ்சம்தான். டாக்டர் பெயர் என்ன, பதிவு எண் என்ன, எம்.சிஎச். உண்டா? மயக்க மருந்து கொடுப்பது யார்? கிளினிக்கின் பதிவுச் சான்றிதழ் எங்கே? எவ்வளவு எடுத்தீர்கள், எவ்வளவு ஏற்றினீர்கள் என்று எழுதிக் கொடுப்பீர்களா? முகம் சுளித்தால், "நாளைக்கு வர்றேன்" என்று நடையைக் கட்டலாம்.

பணத்தையும் யோசிக்கவேண்டும். தனியாரிடம் லட்சத்தில் பேசுகிறார்கள். ஆரோக்கியத்துக்கு என்று எடுத்த இன்சூரன்ஸ் இதற்குக் கொடுக்காது. விபத்து, தீக்காயம், புற்று நோய்க்குப் பிறகு திருத்துவதற்கு மட்டும்தான் அதில் இடம். மற்ற வைத்தியத்துக்கு உள்ள ஜி.எஸ்.டி. விலக்கும் வெறும் அழகுக்குச் செய்வதற்குக் கிடையாது. பாதிக் கொழுப்பு நிற்காமல் போய் இரண்டாவது தடவை ஏற்ற வேண்டி வந்தால் திரும்பவும் செலவு. வட்டிக்கு வாங்கிச் செய்வது பைத்தியக்காரத்தனம்.

கதவுக்கு ஒரு திரை

அரசாங்கம் செய்ய வேண்டியதும் பெரிசு இல்லை. ஓட்டல் அடுப்படியில் கரப்பான் ஓடுகிறதா என்று பார்க்க அதிகாரி போகிறார். தராசை முத்திரை பார்க்க ஆள் போகிறார். ஆபரேஷன் செய்யும் அழகு நிலையத்துக்கு மட்டும் உயிர் போன பிறகுதான் ஆள் போகிறார். வருடத்துக்கு ஒரு தடவை சுகாதார இணை இயக்குனர் ஆபீசில் இருந்து போய்ச் சுவரில் பதிவு எண் இருக்கிறதா, சிலிண்டரில் ஆக்சிஜன் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதிப் பேர் போர்டைக் கழற்றிவிடுவார்கள்.

2024-ல் வந்த புதிய சட்டத்தில் கவனக் குறைவால் உயிர் போனால் பதிவு பெற்ற டாக்டருக்கு 2 வருடம் வரை தண்டனை. மற்றவருக்கு 5 வருடம் வரை. டாக்டர் அல்லாதவன் கத்தி எடுத்தால் இரண்டாவது கணக்கில்தான் வருவான். போலீசார் அதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. பெரும்பாலும் பேசித் தீர்த்து அனுப்பிவிடுகிறார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் இதற்குத் தேர்ந்த டாக்டர்கள் இருக்கிறார்கள். தீக்காயமும் விபத்தும் பார்த்துப் பார்த்துக் கை பழகியவர்கள். பெரிய பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்காரர்கள் பலர் அங்கே படித்துவிட்டுப் போனவர்கள்தான். குறை அங்கே இல்லை.

குறை வாசலில் இருக்கிறது. காலையில் வரிசையில் நின்று சீட்டு வாங்க வேண்டும். "என்னம்மா உனக்கு?" என்று ஜன்னலுக்குள் இருந்து சத்தமாகக் கேட்பார்கள். பின்னால் முப்பது பேர். அதில் ஒருத்தி பக்கத்துத் தெருக்காரி. எந்தப் பெண் வாயைத் திறந்து சொல்வாள்? அழகு நிலையத்திலோ ஏ.சி. அறை. "உட்காருங்க மேடம்" என்று காப்பி. கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகப் பேசுகிறார்கள். அந்தக் கதவுக்காகத்தான் லட்ச ரூபாயைக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள்.

வாரத்தில் ஒரு நாள் மாலை, ஒரு மணி நேரம் பெண்களுக்குத் தனியாக ஒதுக்கினால் போதும். சீட்டில் நோய் எழுத வேண்டாம், அறை எண் மட்டும் எழுதினால் போதும். ஒரு பெண் டாக்டர், ஒரு நர்சு, இரண்டு நாற்காலி. கதவுக்கு ஒரு திரை.